அளவுகோல் நெம்புகோலான கதை: மூளைத் தூண்டலும் கைப்பழக்கமும்

ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒருநாள் தடுமாறாமல் செய்துவிட்டால் ‘கைக்கு வந்துவிட்டது’ என்கிறோம். உடலியல்படி இது பாதி உண்மைதான். விரல் தசைகள் வலுப்பெறலாம். ஆனால் எந்த விரலுக்குப் பின் எந்த விரல், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் மூளையில்தான் படிகின்றன. அந்தப் படிவை மண்டையோட்டைத் திறக்காமல் அளந்து பார்க்க ஒரு கருவி வந்தது. சில ஆண்டுகளுக்குள் அதே வகைக் கருவிகள் அந்தப் படிவை விரைவுபடுத்தவும் கூடும் என்ற நம்பிக்கை எழுந்தது. அளவுகோல் நெம்புகோலான இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, எந்த அளவுக்குத் தாங்கியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூளையின் புறணியில் மின்சாரம் பட்டால் உடல் அசையும் என்பதை 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் இருவரும் நாய்களிடம் காட்டினார்கள். புறணியின் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தொட்டால் உடலின் எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. வேறு இடத்தைத் தொட்டால் வேறு தசை. 1874இல் சின்சினாட்டியில் பார்தலோ என்ற மருத்துவர், புண்ணால் மண்டையோடு அரிக்கப்பட்டு மூளை வெளியே தெரிந்த ஒரு பெண்ணிடம் அதே சோதனையைச் செய்தார். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. சில நாட்களில் இறந்துபோனார். கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. அதன்பின் நெடுங்காலம், உயிருள்ள மனித மூளையின் இயக்கப் புறணியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அறுவைக் கூடத்தில் மட்டுமே கிடைத்தது. பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் அங்கே பிறந்ததுதான். ஆனால் அறுவை மேசையில் கிடப்பவர் பியானோ பழக முடியாது. கற்றல் நடக்க நாட்கள் வேண்டும். தினமும் திறந்து பார்க்கக் கூடிய மூளை எங்கே கிடைக்கும்?

வழி 1980இல் லண்டனில் திறந்தது. மெர்ட்டன், மார்ட்டன் இருவரும் தலைத்தோலின் மேலிருந்தே உயர் மின்னழுத்த அதிர்வு ஒன்றைச் செலுத்திக் கையை அசைத்துக் காட்டினார்கள். ஒரே குறை வலி. மின்சாரம் எலும்பைக் கடக்குமுன் தோலிலும் தலைத் தசைகளிலும் பாய்ந்து சுரீரென்றது. ஐந்தாண்டு கழித்து ஷெஃபீல்டில் ஆன்தனி பார்க்கரின் குழு அந்தக் குறையைக் களைந்தது. காந்தப்புலத்துக்கு எலும்பு ஒரு தடையல்ல. கம்பிச்சுருளில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பாயும் பெரும் மின்னோட்டம், மூளைக்குள் வலியின்றிச் சிறு மின்னோட்டத்தைக் கிளப்பிவிடுகிறது. 1985இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்தக் குறுங்கட்டுரையிலிருந்தே இத்துறையின் நவீன வரலாறு தொடங்குகிறது.

அளவை இப்படித்தான் நடக்கும்: எட்டு வடிவச் சுருளைத் தலையின் ஒரு பக்கம், காதுக்கும் உச்சிக்கும் இடையே சாய்த்துப் பிடிப்பார்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம். எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல், அதன் சொந்தக்காரரைக் கேட்காமலே, துள்ளுகிறது. விரலடித் தசைமேல் ஒட்டிய மின்வாய் ஏறத்தாழ 20 மில்லிநொடியில் ஓர் அலையைப் பதிவு செய்கிறது. பத்துமுறை தட்டினால் ஐந்துமுறையாவது 50 மைக்ரோவோல்ட் அலை எழ எவ்வளவு வலிமை தேவையோ, அதுவே அந்தத் தசைக்குரிய வாசல்மதிப்பு. சுருளை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்திப் பதிவு செய்தால் அந்தத் தசைக்கு மூளையில் உள்ள ‘நிலத்தின்’ எல்லை தெரிந்துவிடும். நில அளவைக்காரர் சங்கிலி பிடிப்பது போலத்தான்.

இந்தச் சங்கிலியைக் கற்றலின்மேல் வைத்தவர் ஆல்வரோ பாஸ்குவல்-லியோன். 1995இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வை இத்துறையின் மிக அழகான சோதனை என்பேன். பியானோ வாசித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு கையின் ஐந்து விரல்களுக்கான எளிய வரிசை ஒன்று தரப்பட்டது: கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை போய்த் திரும்ப வேண்டும், தாளக்கருவியின் நிமிடத்துக்கு 60 தட்டுக்கு இசைய. தினமும் 2 மணி நேரம், 5 நாள். நாளுக்கு நாள் பிழை குறைந்தது, விரல்களை மடக்கும், நீட்டும் தசைகளின் நிலம் மூளையில் விரிந்தது, வாசல்மதிப்பு இறங்கியது. அதே நேர அளவு பியானோவில் விருப்பம்போல் விரலோட்டியவர்களுக்கு இந்த விரிவு குறிப்பிடத்தக்க அளவு குறைவாகவே இருந்தது. ஆகவே வெறும் விரலசைவு போதாது, பயிற்சி வேண்டும். இன்னொரு குழு விரலை அசைக்காமல் வரிசையை மனத்துக்குள் மட்டும் வாசித்தது. அவர்களுக்கும் நிலம் விரிந்தது. ஐந்தாம் நாளில் அவர்கள் இருந்த இடம், கையால் பழகியவர்கள் மூன்றாம் நாளிலேயே எட்டிய இடம். ஆனால் ஒரே ஒரு 2 மணி நேரக் கைப்பயிற்சி அந்த இடைவெளியை அடைத்துவிட்டது.

விரிந்த நிலம் அப்படியே நிற்பதுமில்லை. 1994இல் அதே ஆய்வாளர் குழு காட்டியது: விசைகளில் ஒரு வரிசை ஒளிந்திருப்பதை அறியாமலே ஒருவர் பழகும்போது நிலம் விரிகிறது, வரிசை இன்னதென்று தெளிவாகத் தெரிந்துகொண்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. 1998இல் கிளாஸனும் கோஹனும் இன்னொன்றைக் காட்டினார்கள். தூண்டினால் கட்டைவிரல் துள்ளும் திசைக்கு எதிர்த்திசையில் அரைமணி நேரம் பழகினால் போதும். அடுத்த தூண்டலில் விரல் பழகிய திசையிலேயே துள்ளும். இந்த நினைவு சிறிது நேரத்தில் கலைந்துபோனது.

இதுவரை கருவி அளவுகோல்தான். 2002இல் முயல்பாஹர் குழு அதைத் தலையீட்டுக் கருவியாக்கியது. இரு விரல்களால் வேகமாகக் கிள்ளும் பயிற்சி முடிந்த கையோடு, இயக்கப் புறணிக்கு நொடிக்கு ஒன்று வீதம் காந்தத் தட்டுகள் தரப்பட்டன. புதிதாகப் பெற்ற முன்னேற்றம் கரைந்தது. கிள்ளும் அடிப்படைத் திறனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 6 மணி நேரம் கழித்துத் தந்தபோதோ கரையவில்லை. கற்றது உறையும்வரை ஈரக் களிமண்ணாகவே கிடக்கிறது. கெடுக்க முடிகிற ஒன்றை வளர்க்கவும் முடியாதா என்ற கேள்வி அங்கே தவிர்க்க முடியாததாயிற்று.

அதற்கான கருவி ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. புதுமை என்று சொல்லிவிட முடியாது: எலியின் புறணியில் மெல்லிய நேர்மின்னோட்டம் பாய்ச்சினால் அதன் விளைவு மணிக்கணக்கில் தங்கும் என்பதை 1960களிலேயே பைண்ட்மனும் லிப்போல்டும் காட்டியிருந்தார்கள். அந்த இழையை 2000இல் நிட்ஷேவும் பாலஸும் மனிதரிடம் மீண்டும் எடுத்தார்கள். உப்புநீரில் நனைத்த இரு பஞ்சுத் துண்டுகள்: ஒன்று இயக்கப் புறணிக்கு மேல், மற்றொன்று எதிர்ப்புருவத்துக்கு மேல். 1 மில்லியாம்பியர். முதலில் தோல் லேசாகக் குறுகுறுக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. நேர்மின்முனை புறணியின் துடிப்பைக் கூட்டியது, எதிர்மின்முனை குறைத்தது. 13 நிமிடம் தந்தால் விளைவு ஒன்றரை மணி நேரம்வரை நீடித்தது. காந்தச் சுருளுக்கான எந்திரத்தோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு சொற்பம். அடுத்து ஆய்வுக் கட்டுரைகள் குவிந்ததற்கு, அறிவியல் காரணத்தோடு இந்த மலிவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2009இல் பெதஸ்டாவில் யானினே ரைஸும் கோஹனும் நடத்திய ஆய்வு இந்த நம்பிக்கையின் உச்சி. விரல்களால் கிள்ளும் அழுத்தத்தைக் கொண்டு திரையில் ஒரு புள்ளியை இலக்குகளுக்கு நகர்த்த வேண்டும். 5 நாள், தினமும் 20 நிமிடத் தூண்டல். தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். அந்தக் கூடுதலும் பயிற்சி நேரத்தில் வந்ததைவிட, ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடைப்பட்ட ஓய்வில்தான் அதிகம் வந்தது. மறக்கும் வேகம் இரு குழுவுக்கும் ஒன்றே. ஆனால் உயரத்திலிருந்து இறங்கியவர்கள் 3 மாதத்துக்குப் பிறகும் மேலேயே இருந்தார்கள். 2011இல் கலேயா குழு வேலைப் பிரிவினையே காட்டியது: சிறுமூளையைத் தூண்டினால் புதிய சூழலுக்குக் கை வேகமாகப் பழகுகிறது, இயக்கப் புறணியைத் தூண்டினால் பழகியது நிலைக்கிறது.

பிறகு விரிசல்கள். எதிர்மின்முனை 1 மில்லியாம்பியரில் துடிப்பைக் குறைக்கும் என்றால், 2 மில்லியாம்பியரில் 20 நிமிடம் தந்தபோது அது கூட்டியதை 2013இல் கோட்டிங்கன் குழுவே கண்டது. லண்டனில் 2014இல் 53 பேரைச் சோதித்தபோது ஏறத்தாழப் பாதிப் பேரிடம் தூண்டலின் விளைவு மிகச் சிறிது அல்லது அறவே இல்லை. புசாகி குழு 2018இல் இறந்தோர் உடல்களில் அளந்து, தலையில் பாய்ச்சும் மின்னோட்டத்தில் முக்கால் பங்கு தோலிலும் எலும்பிலுமே தேய்ந்துவிடுவதைக் காட்டியது. என்னை அதிகம் பாதித்தது 2017இல் வந்த பர்மிங்ஹாம் கட்டுரை. சிறுமூளைத் தூண்டல் பார்வைவழி இயக்கப் பழக்கத்தில் சீரான விளைவைத் தரவில்லை என்று அறிவித்த அதன் ஆசிரியர்களுள் கலேயாவும் ஒருவர். தான் கட்டிய வீட்டின் அடித்தளத்தைத் தானே தோண்டிப் பார்க்கும் ஆய்வாளர்கள் எல்லாத் துறையிலும் கிடைப்பதில்லை.

பக்கவாத நோயாளிகளிடமும் கணக்கு இப்படியே போயிற்று. 2018இல் முடிவு வெளியான நைச் ஆய்வில் அமெரிக்க மையங்கள் பலவற்றில் 199 பேர் சேர்ந்தார்கள். பாதிப்பில்லாத பக்கத்துப் புறணியைக் காந்தத் தட்டுகளால் அடக்கினால் பாதிக்கப்பட்ட பக்கம் கையை மீட்கும் என்பது கருதுகோள். உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினரின் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 விழுக்காட்டினர். சுருள் எதுவானாலும், ஒவ்வொரு அமர்விலும் சிகிச்சையாளரின் எதிரே அமர்ந்து பொருட்களை எடுக்கவும் வைக்கவும் கையை மீண்டும் மீண்டும் பழக்கியது மட்டும் இரு குழுவினரும் செய்தது.