குவாய் ஆற்றங்கரைச் சாலையும் சயாம் மரண ரயிலும்

பாங்காக்கிலிருந்து மேற்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் காஞ்சனபுரி வரும். அங்கிருந்து 323ஆம் எண் நெடுஞ்சாலை பர்மா எல்லையிலுள்ள மூன்று பகோடாக் கணவாயை நோக்கி வடமேற்கே ஏறுகிறது. கரும்பும் மரவள்ளியும் விளையும் சமவெளி முடிந்ததும், சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழுகின்றன. இடப்பக்கம் குவாய் நோய் ஆறு மூங்கில் காடுகளுக்குள் மறைந்தும் தெரிந்தும் கூடவே வரும். மழைக்காலம் ஓய்ந்த நவம்பரில் போனால் மலையடிவாரமெல்லாம் கண்கொள்ளாப் பச்சை. சாய் யோக் நோய் அருவியோ சாலையோரத்திலேயே கொட்டுகிறது.

இந்த அழகுதான் ஆளைக் கொன்றது. இரண்டாம் உலகப் போரில், மலாக்கா நீரிணை வழியே பர்மாவுக்குப் போன ஜப்பானியக் கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் குறிவைத்ததால், தரைவழியாக ஒரு ரயில்பாதை தேவைப்பட்டது. கடினமென்று ஆங்கிலேயர் முன்பே கைவிட்ட ஆற்றுப் பள்ளத்தாக்கை ஜப்பானிய இராணுவம் தேர்ந்தெடுத்தது. தாய்லாந்தின் பான் போங் அருகே தொடங்கி பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். சயாம் (தாய்லாந்து) மரண ரயில் என்பது இதுதான். 1942இன் நடுவில் ஆரம்பித்த வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலை தடுத்த இடத்தில் பாறையைக் குடைந்தார்கள். ஆறு நெருக்கிய இடத்தில் மரத்தூண்களை நட்டுப் பாதையைத் தொங்கவிட்டார்கள்.

அப்படித் தொங்கும் பாதையைத் தாம் கிராசேயில் இன்றும் காணலாம். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கீழே ஆறு. நடுவில் மரக்கால்கள் மீது ரயில் நத்தையாக ஊர்ந்து போகும்போது, பயணிகள் கைப்பேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, காட்சி அப்படி.

காஞ்சனபுரியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் 'ஹெல்ஃபயர் பாஸ்'. ஜப்பானியரிடம் சிக்கிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் சம்மட்டியாலும் துளையுளியாலும் பாறையைப் பிளந்த கணவாய் இது. ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவன் அடிப்பான். துளை போதிய ஆழம் இறங்கியதும் வெடிமருந்து வைப்பார்கள். 1943இல் 'ஸ்பீடோ' (வேகம்) என்ற அதட்டலோடு இரவிலும் வேலை நடந்தது. தீப்பந்த வெளிச்சத்தில் எலும்புக்கூடாய் அசைந்த மனிதர்களைப் பார்த்த கைதிகளே இந்த நரகப் பெயரை வைத்தார்கள். பாறைச் சுவரில் உளித்தடங்கள் இன்னும் வரிவரியாய்த் தெரிகின்றன. ஓரிடத்தில் உடைந்த உளி ஒன்று கல்லுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. ஆஸ்திரேலிய அரசு 1998இல் இங்கே ஒரு நினைவு மையம் திறந்தது. ஏப்ரல் 25 அன்று விடியலில் அந்நாட்டவர் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல், மாண்டவர்கள் 12,000க்கு மேல். இவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. கைதிகளான அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்துக் குறிப்பேடுகளை ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த கையோடு, ஒரு தேடல் குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளைக் கண்டறிந்தது. 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளில் அகப்படாமல் போனவை 52 மட்டுமே. காஞ்சனபுரி நகர நடுவிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் பெயர், படைப்பிரிவு, வயது பொறித்த வெண்கலப் பலகைகள் வரிசையாய் இருப்பது அந்தத் தாள்களின் பலன்.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு தாளும் இல்லை. அவர்களில் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளின் சாவைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது இலவசப் படம் காட்டுகிறோமென்று கொட்டகைக்கு அழைத்துக் கதவைச் சாத்தி ரயிலேற்றியதும் உண்டு. கைதிகளுக்கு இராணுவக் கட்டுப்பாடு இருந்தது, கூடவே டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல ஆளிருந்தது. தமிழர் முகாம்களில் அதெல்லாம் இல்லை. 1943 மழையோடு காலரா வந்ததும் லயம் லயமாக விழுந்தார்கள்.

இந்த ரயில்பாதை காஞ்சனபுரியில் ஆற்றைக் கடக்கும் குவாய் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற திரைப்படம் 1957இல் வந்தது. படமாக்கியது தாய்லாந்தில் அல்ல, இலங்கையின் கித்துல்கலையில். அதில் இந்தத் தமிழருக்கு இடமே இல்லை. படம் பார்த்து வந்தவர்கள் குவாய் ஆற்றைத் தேடியதால், பாலத்தின் கீழ் ஓடும் மே குலோங் ஆற்றுப் பகுதிக்குத் தாய்லாந்து 1960இல் குவாய் யாய் என்று பெயர் மாற்றியது. கதையில் வந்த ஆற்றுக்கே பெயர் கிடைத்தது, செத்தவனுக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானியப் படை 1944இல் பாலத்தருகே எழுப்பிய நினைவுத்தூணின் கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. கொன்றவர் தந்த அந்த வரிகளை அஞ்சலி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை 1993இல் தந்தார். 2023இல் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியின் வாட் தாவோன் புத்தர் கோயிலில் நடுகல் ஒன்று எழுந்தது. 80 ஆண்டு தாமதமானாலும் அது நம் கையால் நட்ட கல்.

இன்று இந்தப் பாதையில் நாம் தோக் என்ற ஊருக்கு அப்பால் ரயில் இல்லை. போருக்குப் பின் பிரிட்டிஷார் எல்லையோரத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தாய்லாந்துப் பக்கம் எஞ்சியதை அந்நாட்டுக்கே விற்றார்கள். 1980களில் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கத்தில் பாதையின் ஒரு பகுதி மூழ்கியது. சங்க்லாபுரியில் மோன் மக்களின் நீண்ட மரப்பாலத்தில் நின்று பார்க்கும் நீலப்பரப்பு அதுதான்.

சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். பாட்டி சொன்னதாக அவர் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு இவ்வளவு தெரிந்தாலும் போதும், எழுதிவையுங்கள். வீட்டில் ஒரு படி, ஊர் நூலகத்தில் ஒரு படி இருக்கட்டும். அந்தத் தலைமுறையிடம் கேட்டுவைத்தவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. இந்த ஆண்டே செய்யுங்கள்.