கொத்மலை வானொலியும் நல்லவாடு ஒலிபெருக்கியும்

கிராமங்களுக்குக் கணினி வந்த வரலாற்றை எழுதப் புகுவோர் பலரும் கணினியிலிருந்தே தொடங்குவர். நமது நாட்டைப் பொறுத்தவரை அந்த வரலாறு வானொலியிலிருந்து தொடங்குகின்றது.

1981 ஆம் ஆண்டு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலி சமுதாய வானொலியை ஆரம்பித்தது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிறந்த மண்ணை விட்டுப் புதிய குடியேற்றங்களுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளைச் சுமந்துகொண்டு கிராமம் ஒன்றுக்குச் செல்வர்; சில நாட்கள் அங்கேயே தங்குவர்; அம்மக்களின் பேச்சையும் பாட்டையும் முறைப்பாட்டையும் பதிவு செய்து ஒலிபரப்புவர். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி விவசாயிக்கு உபதேசம் செய்வதே விவசாய நிகழ்ச்சி என்று பழகிப்போயிருந்த நமது செவிகளுக்கு, ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்குச் சொல்வது புதுமையாகவே இருந்தது.

அதன் தொடர்ச்சியாக 1989 இல் கொத்மலையில் ஒரு சிறு வானொலி நிலையம் தோன்றியது. 1979 முதல் 1985 வரை கட்டப்பட்ட கொத்மலை அணைக்காகத் தமது வயல்களையும் விகாரைகளையும் நீரில் இழந்த பள்ளத்தாக்கு அது. நாட்டுக்கு மின்சாரம் கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாக ஒரு வானொலி கிடைத்தது என்று அக்காலத்தில் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

தொண்ணூறுகளின் இறுதியில் அந்த நிலையத்துக்கு இணையம் வந்தது. வினாடிக்கு 64 கிலோபிட் வேகம் கொண்ட தனி இணைப்பு. இன்றைய சிறுவர்கள் நகைப்பர். கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களின் பொது நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. ஆயினும் உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்களைக் கொத்மலைக்கு இழுத்தது அந்தக் கணினிகளல்ல. நேயர்கள் கேள்விகளை அனுப்புவர். அறிவிப்பாளர், துறை அறிந்த ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருப்பதைத் தமது மொழியில் விளக்கிக் கூறுவார். ஒரு மருத்துவரோ சட்டத்தரணியோ அருகில் இருந்தமையால், இணையத்தில் கண்டதையெல்லாம் அப்படியே ஒப்பிக்கும் ஆபத்தும் குறைந்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட விடயங்கள் சேகரித்து வைக்கப்பட்டன. கணினியைத் தொட்டே அறியாத ஒரு மூதாட்டி அடுப்படியில் இருந்தபடி இணையத்திடம் கேள்வி கேட்க முடிந்தது என்பதே இம்முறையின் சிறப்பு.

அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தது. கொத்மலையைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். லயன் அறையில் இருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அந்த நிகழ்ச்சியில் என்ன கிடைத்தது என்ற கேள்வி இந்தத் திட்டத்தைப் புகழ்ந்த கட்டுரைகளில் எனக்கு அதிகம் தென்படவில்லை. அந்நாட்களில் நாமும் அதைக் கேட்டு எழுதவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், 1998 இல், கடலுக்கு அப்பால் புதுச்சேரிக் கிராமங்களில் வேறொரு முயற்சி தொடங்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் நிதியுதவியோடு, வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை அமைத்தது. தொலைபேசி கிடைக்காத இடங்களுக்குக் கம்பியில்லா இணைப்பும், மின்சாரம் அடிக்கடி அற்றுப்போகும் இடங்களுக்குச் சூரிய சக்தியும் பயன்பட்டன. இடத்தை ஊரே தரவேண்டும். சாதி பேதமின்றி எவரும் உள்ளே வரக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எம்பலம் என்னும் ஊரில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது. நிலையங்களை நடத்தியவர்களில் பெண்கள் பலர்.

அங்கே மக்கள் தேடியவை என்னவென்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நெல்லின் விலை, அரச உதவித் திட்டங்களுக்கு யார் உரித்துடையவர், எந்த வைத்தியசாலையில் எப்போது மருத்துவர் இருப்பார் போன்றவையே. இவற்றில் எதுவும் அமெரிக்காவிலிருந்து வரப்போவதில்லை. ஊரைச் சேர்ந்த தொண்டர்களே நடந்து திரிந்து திரட்டித் தமிழில் கணினியில் ஏற்றினர். ‘நம்ம ஊரு செய்தி’ என்றொரு சிறு பத்திரிகையும் வெளியிட்டனர். பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் பெயரில் எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

வெளியிலிருந்து வந்தவற்றுள் முக்கியமானது வீராம்பட்டினத்துக்கு வந்த அலைத் தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் எழுதி, கடற்கரையிலிருந்த ஒலிபெருக்கிகள் மூலம் வாசித்தனர். காற்றையும் நீரோட்டத்தையும் வானத்தின் நிறத்தையும் வைத்து அன்றைய கடலைப் படிப்பதில் மீனவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளைய கடலை முன்கூட்டியே சொல்ல ஒரு படம் கிடைத்தபோது, அதைத் தமது அறிவோடு ஒப்பிட்டுப் பார்த்தே தோணியை இறக்குவதா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்தனர்.

2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவக் கிராமம். அங்கும் ஓர் அறிவு மையம் இருந்தது. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். முன்னர் அந்த மையத்தோடு தொடர்புடையவர். ஆழிப்பேரலைச் செய்தியை அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் கூறினர். உடனே ஊரை எச்சரிக்குமாறு சொன்னார். அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகளையும் வீடுகளையும் கடல் அழித்தது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்கள் தப்பின.

நாள்தோறும் மீன் விலையும் அலை உயரமும் சொன்ன அதே ஒலிபெருக்கி என்பதால்தான் மக்கள் ஓடினர் என்று நான் நினைக்கிறேன். அன்று காலை புதிதாக ஒரு குரல் கேட்டிருந்தால் என்ன ஏதென்று விசாரித்துக்கொண்டு நின்றிருப்பர்.

இங்கே நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவீர்கள். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இலங்கையில் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். கிழக்குக் கரையைக் கடல் தாக்கியது எட்டரை மணிக்குப் பின். காலிக்கு அண்மையில் பேரலிய என்னுமிடத்தில் புகையிரதம் அலையில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு. கிழக்கில் நடந்ததைத் தெற்குக்குச் சொல்ல ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் அலுவலகத்தில் சிலரே இருந்தோம். மட்டக்களப்பிலிருந்து எமது நிருபர் தொலைபேசியில் அழைத்து, கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றார். நான் குறிப்பெடுத்தேன். வழக்கம்போல் தாளின் மேல் மூலையில் நேரத்தையும் எழுதினேன்: 9.05. எத்தனை வீடுகள், எத்தனை பேர் என்று கேட்டேன். மறுநாள் பதிப்புக்கு முதற்பக்கத் தலைப்பு என்று மனம் கணக்குப் போட்டது. காலிக்கோ அம்பலாங்கொடைக்கோ யாரையாவது அழைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள் என்று பின்னர் பலர் ஆறுதல் சொன்னார்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் பின்னர் சட்டங்களும் நிலையங்களும் வந்தன. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அதே காலத்தில் ‘நெனசல’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கிராமக் கணினி நிலையங்கள் விகாரைகளிலும் நூலகங்களிலும் கோயில்களிலும் திறக்கப்பட்டன. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவில் மீண்டும் பெரும் அதிர்வு ஏற்பட்டபோது எச்சரிக்கை கிடைத்துக் கரையோர மக்கள் வெளியேறினர், பேரலை வரவில்லை.

மலைநாட்டுக்கு வேறு கணக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலி பெருகிக் கம்பளை நகரை மூழ்கடித்தது. மண்சரிவுகள் கிராமங்களை விழுங்கின. நாடளாவிய ரீதியில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. ஒவ்வொருவர் கையிலும் கொத்மலை நிலையத்திலிருந்ததைவிடப் பன்மடங்கு வேகமான கருவி இருந்த காலத்தில் எழுந்த முறைப்பாடு இது.

நாவலப்பிட்டிப் பக்கம் வாழும் எனது நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சில நாட்களின் பின் தொலைபேசியில் பேசினார். அவரது கைத்தொலைபேசிக்குச் சிங்களத்தில் ஒரு மண்சரிவு எச்சரிக்கை வந்ததாம். சிங்களம் நன்கறிந்தவர், வாசித்துவிட்டு மேல் லயத்து மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கோயிலுக்குப் போயிருக்கிறார், திருவிழாவுக்குப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி அங்கே இருக்கிறது என்று. மின்சாரம் இல்லை. பிறகு பேரனையும் ஒரு டோர்ச் லைட்டையும் கூட்டிக்கொண்டு, மழையில், இருபத்துநான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினாராம்.