பசை போட்டு ஒட்டிய அந்துப்பூச்சி

ராத்திரி ட்யூப்லைட்டைச் சுற்றும் அந்துப்பூச்சியைப் படம் எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது என்ன பாடு படுத்தும் என்று. சரி, விடிந்ததும் எடுக்கலாம் என்றால் ஆளையே காணோம்! பகலில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். இந்தச் சின்னச் சிக்கலால் அறிவியலில் ஒரு பெரிய தகராறே நடந்திருக்கிறது.

பூச்சியின் பெயர் பெப்பர்டு மாத். வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடி தூவினாற்போல் இருக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1848-ல் இதில் கறுப்பு ஒன்று பிடிபட்டது. 1895-ல் அந்த ஊரில் 98 சதவீதம் கறுப்புதான். ஆலைப்புகையில் மரங்கள் கரியாகிவிட்டன, வெள்ளைப்பூச்சி பறவையின் கண்ணில் பட்டுவிடுகிறது, கறுப்பு தப்பிக்கிறது என்று 1896-ல் டட் என்பவர் விளக்கம் சொன்னார்.

1953-ல் ஆக்ஸ்ஃபோர்டின் பெர்னார்ட் கெட்டில்வெல் பர்மிங்ஹாம் அருகே பூச்சிகளில் அடையாளம் வைத்துப் பறக்கவிட்டு, விளக்குப் பொறி வைத்துத் திரும்பப் பிடித்தார். கறுப்பில் 27.5 சதவீதம் திரும்பியது, வெள்ளையில் 13 மட்டும். 1955-ல் புகை இல்லாத டார்செட்டில் கணக்கு தலைகீழ். பாடப்புத்தகங்கள் விடுமா? மரத்தில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது.

வில்லங்கம் அங்கேதான். அப்படி வந்த படங்களில் பல, செத்த பூச்சியைப் பசையாலோ ஊசியாலோ அடிமரத்தில் ஒட்டி எடுத்தவை. கெட்டில்வெல்லும் பூச்சிகளைப் பகலில், அடிமரத்தில், தானே கொண்டுபோய் வைத்திருந்தார். 2002-ல் ஜூடித் ஹூப்பர் மோசடி வாடை அடிக்கிறது என்று புத்தகமே எழுதிவிட்டார். பரிணாமத்தை ஏற்காதவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம்.

காமர்ஸ் படிக்கிற என் புத்திக்கு இது இப்படித்தான் படுகிறது: ஆண்டறிக்கையின் அட்டைப்படம் செட்டப் என்பதற்காக உள்ளே இருக்கும் கணக்கைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் மறுபடி தணிக்கை செய்தே ஆகவேண்டும்.

அதைச் செய்தவர் மைக்கேல் மஜரஸ், கேம்பிரிட்ஜ்காரர். கெட்டில்வெல்லின் முறையில் இருந்த ஓட்டைகளை 1998-லேயே பட்டியல் போட்டவரும் இவர்தான். இடம் எது தெரியுமா? அவர் வீட்டுத் தோட்டம்! 2001-ல் ஆரம்பித்தார். பூச்சிகள் பகலில் உண்மையில் எங்கே உட்காருகின்றன என்று மரம் ஏறித் தேடினார். அகப்பட்ட 135-ல் பாதி கிளைகளில், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் அடிமரத்தில். ஆக, படத்தில் பூச்சி செத்தது, இடம் என்னவோ முழுப்பொய் இல்லை. ஆறு வருடத்தில் 4,864 பூச்சிகளை விட்டார். பறவைகள் கொத்துவதைப் பைனாகுலரில் பார்த்தார், ஒன்பது இனப் பறவைகள்! சுத்தமான அந்தத் தோட்டத்தில் கறுப்புதான் அதிகம் பறிபோனது. ஒரு நாளைக்கு வெள்ளையைவிட சுமார் 9 சதவீதம் குறைவாகப் பிழைத்தது.

2007-ல் ஸ்வீடனில் முடிவைப் பேசினார். முழுசாக எழுதி வெளியிடுமுன் 2009-ல் இறந்துபோனார். வேறு நான்கு விஞ்ஞானிகள் அவருடைய கணக்கை எடுத்து 2012-ல் வெளியிட்டார்கள்.

இன்னொன்று. 1956-ல் வந்த தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு மரங்கள் வெளுக்க, கறுப்பு குறைந்துகொண்டே வந்தது. மஜரஸ் ஆரம்பித்தபோது அந்தப் பகுதியில் நூற்றுக்கு 12 கறுப்பு. முடிக்கும்போது ஒன்றோ என்னவோ. பத்து வருடம் தள்ளிப்போட்டிருந்தால் எண்ணுவதற்கே கறுப்புப்பூச்சி கிடைத்திருக்காது.