தாளம் யாருடையது? மெட்டல்ஹெட்ஸ் இசை நிறுவனத்தின் வரலாறு

1994-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. இரவில், திறந்தவெளியில், 100 பேரோ அதற்கு மேலோ கூடிச் சத்தமாக இசை கேட்டால் காவல்துறை அவர்களைக் கலைக்கலாம் என்று அது அப்போது சொன்னது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளமும் அதில் அடங்கும் என்று அந்தச் சட்டமே விளக்கம் எழுதிவைத்தது. அதே ஆண்டில்தான் லண்டனில் மெட்டல்ஹெட்ஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. அது வெளியிட்டதும் தாளத்தைத்தான். அந்த இசைக்கு 'டிரம் அண்ட் பேஸ்' என்று பெயர்.

கறுப்பர்களின் வரலாற்றை நாம் படிப்பது புதிதல்ல. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தமதாக்கிக்கொண்டது. அவர்களுடைய அரசியலை வாசித்த அளவுக்கு, அவர்களுடைய இசையை யார் உடைமையாக்கினார்கள் என்பதை நாம் வாசிக்கவில்லை. அதையும் வாசிக்க வேண்டும்.

1948-க்குப் பிறகு கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு உழைக்க வந்த கறுப்பர்களுக்குப் பல கேளிக்கை விடுதிகளின் கதவுகள் திறக்கவில்லை. அவர்கள் வீடுகளிலும் நிலவறைகளிலும் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கித் தாங்களே 'சவுண்ட் சிஸ்டம்' நடத்தினார்கள். அந்த மரபின் பேரப்பிள்ளைதான் டிரம் அண்ட் பேஸ். நிமிடத்துக்கு 160 முதல் 175 அடிகள் வரை ஓடும் முழவொலி மேலே. ஜமைக்கா ரெகேயின் நிதானமான அடிநாதம் கீழே. வானொலி நிலையங்கள் கண்டுகொள்ளாத காலத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உரிமமின்றி இயங்கிய திருட்டு வானொலிகளே இதைப் பரப்பின.

மெட்டல்ஹெட்ஸுக்கு முன்னோடி, வடமேற்கு லண்டனின் டாலிஸ் ஹில்லில் 1989-இல் தொடங்கிய ரீஇன்ஃபோர்ஸ்டு ரெக்கார்ட்ஸ். 4ஹீரோ குழுவின் டீகோவும் மார்க் மேக்கும் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. அங்கேதான் கோல்டி தொழில் கற்றார். ஜமைக்கத் தந்தைக்கும் ஸ்காட்லாந்துத் தாய்க்கும் 1965-இல் பிறந்த அவர், வளர்ப்புப் பெற்றோரிடமும் குழந்தைகள் இல்லங்களிலும் வளர்ந்தவர்; சுவரோவியக் கலைஞர்.

பெரும்பாலான கட்டுரைகள் கோல்டியோடு நின்றுவிடும். ஆனால் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் மூவர். மற்ற இருவரும் பெண்கள்: கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம். கெமிஸ்ட்ரி கறுப்பினப் பெண். ஃபேபியோவும் குரூவ்ரைடரும் இசைத்தட்டு சுழற்றிய 'ரேஜ்' இரவுகளுக்குக் கோல்டியை அழைத்துச் சென்று இந்த இசையை அறிமுகப்படுத்தியவர் அவர்தான். தொடக்க ஆண்டுகளில் நிறுவனத்தின் அன்றாட வேலைகளை இந்த இரு தோழிகளும் சுமந்தார்கள். ஆண்களின் கோட்டையாக இருந்த டிஜே மேடையிலும் இருவரும் இணையாக நின்றார்கள்.

1995-இல் ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் புளூ நோட் அரங்கில் மெட்டல்ஹெட்ஸின் ஞாயிறு இரவுகள் தொடங்கின. புதிதாக உருவான பாடலை 'டப்பிளேட்' என்னும் மென்பூச்சு உலோகத் தட்டில் ஒற்றைப் பிரதியாக வெட்டி எடுத்து வருவார்கள். கொஞ்ச நாள் ஓட்டினாலே அது தேய்ந்துவிடும். கூட்டம் ஆடினால்தான் பாடல் அச்சுக்குப் போகும். விளம்பர நிறுவனம் அல்ல, ஆடுகிறவர்களே தேர்வுக்குழு. இந்த முறையும் ஜமைக்காவிலிருந்து வந்ததுதான்.

பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்குமா? கோல்டியின் புகழ்பெற்ற 'டைம்லெஸ்' 1995-இல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 7-ஆம் இடம் வரை போனது. அதை வெளியிட்டது மெட்டல்ஹெட்ஸ் அல்ல, எஃப்எஃப்ஆர்ஆர். மெட்டல்ஹெட்ஸ் நிறுவனரின் மிகப் பெரிய வெற்றியே வேறொரு நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது. விநியோகமும் மூலதனமும் கையில் இல்லாதவர்களின் சுதந்திரம் எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

1999 ஏப்ரல் 25 அன்று, நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில், சாலையில் பதித்திருந்த ஒளிர்கல்லின் உலோகப் பகுதி பெயர்ந்து காரின் கண்ணாடியைத் துளைத்ததில் கெமிஸ்ட்ரி உயிரிழந்தார். ஸ்டார்ம் தனியாகத் தொடர்ந்தார். 2016-இல் கோல்டிக்கு எம்பிஇ என்ற அரச விருது கிடைத்தது. விருதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நிறுவிய மூவரில் ஒருவர் பெயர் மட்டும் நிலைப்பதும், பெண்களின் உழைப்பு 'உதவி' என்று சுருங்குவதும் நம் இயக்கங்களுக்குள்ளும் நடப்பதுதானே?

கடைசியாக, இந்த இசையின் அடிக்கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு வெளியிட்ட ஒரு பாடலில், கிரிகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் சுமார் 7 விநாடிகள் தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்த 7 விநாடிகளை வெட்டி, வேகப்படுத்தி, மாற்றி அடுக்கித்தான் ஆயிரக்கணக்கான பாடல்கள் பிறந்தன. 'ஆமென் பிரேக்' இல்லாமல் டிரம் அண்ட் பேஸ் இல்லை. கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடற்ற நிலையில் அவர் இறந்ததாகச் சொல்கிறார்கள். 2015-இல் ரசிகர்கள் சுமார் 24,000 பவுண்ட் திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். அப்போது அடித்தவர் உயிரோடு இல்லை.

ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென நிறுவனம் அமைப்பது பெரிய சாதனை. மெட்டல்ஹெட்ஸ் 30 ஆண்டுகளைத் தாண்டியும் இயங்குகிறது. ஆனால் சொந்த நிறுவனம் என்பதாலேயே நீதி வந்துவிடுவதில்லை. தாளத்தைக் கொண்டாடும் ஒவ்வொரு மேடையிலும், நம் பறை ஒலிக்கும் மேடை உட்பட, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அடித்தவர் பெயர் எங்கே, கூட நின்ற பெண் எங்கே, கூலி யாருக்குப் போனது?