"வேறென்ன குளிசை போடுறீங்கள்?"

தம்பலகாமத்தில் என் பெரியப்பாவின் வீட்டில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கும். கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள், பாதி தீர்ந்த குளிசை அட்டைகள், போன வருடம் மகளுக்குக் கொடுத்து மிச்சம் வந்த அன்ரிபயோற்றிக், பக்கத்து வீட்டு அக்கா "இது நல்லாக் கேட்கும்" என்று தந்த நான்கு மாத்திரைகள் எல்லாம் அதற்குள்தான். ஒன்றையும் எறியமாட்டார். மருந்து கிடைக்காமல் தவித்தவர்கள் மருந்தை எறிவதில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இப்படி ஒரு ரின் இருக்கிறது. 2022 இல் ஆஸ்பத்திரிகளில் "வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதிக் கொடுத்தபோது அந்த ரின்கள் இன்னும் கொஞ்சம் நிரம்பின.

2006 ஆகஸ்டில் மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டபோது பெரியப்பாவின் தொடையில் ஏறிய செல் துண்டு இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. நரம்புக்குப் பக்கத்தில் கிடப்பதால் எடுக்காமல் விட்டார்கள். மாரி தொடங்கினால் அந்தக் கால் இழுக்கும். பார்மசியில் கேட்டு வாங்கிய டைக்ளோபெனக் குளிசையை, காலை ஒன்று இரவு ஒன்று என்று பல வருடங்களாகப் போட்டு வந்தார். அதை அவர் மருந்து என்றே நினைக்கவில்லை. அவருக்கு அது 'நோக் குளிசை', வெற்றிலை போடுவது மாதிரி ஒரு பழக்கம்.

இதற்கிடையில் பிறஷர் வந்தது. கிளினிக்கில் லொசாட்டன் கொடுத்தார்கள். பிறஷர் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டினார்கள். கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர்க்குளிசை, அதாவது புரூஸமைட், சேர்ந்தது. ஒரு சித்திரை மாதத்தில் இரண்டு நாள் வயிற்றோட்டத்தோடு மயங்கி விழுந்தபோதுதான் இரத்தத்தில் கிரியற்றினின் ஏறியிருப்பது தெரிந்தது. அதாவது, சிறுநீரகம் கழிவை வெளியேற்றுவது குறைந்துவிட்டது. கிளினிக் கொப்பியில் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, டைக்ளோபெனக் ஒன்றைத் தவிர. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கேட்டது வார்டில் இரவுக் கடமையில் இருந்த ஒரு மிஸ்ஸி. "ஐயா, கிளினிக் மருந்தைவிட வேறென்ன குளிசை போடுறீங்கள்? கடையில வாங்கினது, ஆரும் தந்தது, நாட்டு மருந்து, எல்லாம் சொல்லுங்கோ." அடுத்த நாள் பெரியம்மா அந்த ரின்னையே தூக்கிக்கொண்டு போனார். மிஸ்ஸி டைக்ளோபெனக் அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வைத்தியரிடம் போய்ச் சொன்னார்.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் எவ்வளவு மருந்தியல் அறிவு இருந்தது என்பதை நான் பிறகுதான் படித்து விளங்கிக்கொண்டேன். நான் படித்தது ஊடகக் கற்கை, மருத்துவம் அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே தாதியருக்கும், வீட்டில் அம்மா அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

சிறுநீரகத்தின் வடிகட்டியை ஒரு வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்களுக்கு இது சுலபம். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் ஒன்று, வெளியே போகும் கடவை ஒன்று. இரண்டும் சரியாக இருந்தால்தான் வரம்புக்குள் தண்ணீர் நிற்கும். டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்ற நோ மருந்துகள் உள்ளே வரும் இரத்தக் குழாயைச் சுருக்குகின்றன. லொசாட்டன், எனலாப்ரில் போன்ற பிறஷர் மருந்துகள் வெளியே போகும் குழாயை விரிக்கின்றன. நீர்க்குளிசை குளத்தின் நீர்மட்டத்தையே குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது வடிகட்டும் அழுத்தம் விழுந்துபோகிறது. அதோடு வயிற்றோட்டமோ, வாந்தியோ, கச்சான் காற்று வெயிலில் நாள் முழுக்க வயல் வேலையோ சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் பழுதாகலாம். தனித்தனியே பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகள்தான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. டைக்ளோபெனக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். அதனால் பிறஷர் ஏறும், கால் வீங்கும். பெரியப்பாவுக்குப் பிறஷர் குளிசையின் அளவைக் கூட்டியதற்கும் நீர்க்குளிசை கொடுத்ததற்கும் நோக் குளிசையே ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது வருத்தம் என்று நினைத்து அதற்கும் மருந்து கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிற தவறு. பக்கத்தில் வடமத்திய மாகாணத்தில் காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒரு சிறுநீரகத்தை நோக் குளிசைக்குப் பறிகொடுப்பது சின்ன விடயமல்ல.

அப்படியென்றால் செல் துண்டோடு வாழ்பவர் நோவைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. முதலில் பரசிட்டமோல். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு நான்கு கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுதான் உச்ச எல்லை. மெலிந்தவர்களுக்கும் ஈரல் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றே என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தடிமல் குளிசைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. எரிவு, விறைப்பு, மின்சாரம் பாய்வது போன்ற நோ என்றால் அது நரம்பு நோ. அதற்கு வேறு மருந்துகள் உண்டு, வைத்தியர்தான் எழுத வேண்டும். தாதி அளவை மாற்றுவதில்லை. கேட்டு அறிவதும் வைத்தியரிடம் கொண்டுபோவதும் நோயாளிக்கு விளங்கச் சொல்வதும்தான் அவரது வேலை.

தம்பலகாமத்தில் அடிக்கடி காணும் இன்னொரு மருந்து டொக்சிசைக்கிளின். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, சேற்றில் இறங்குமுன் வயல்காரருக்கு வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அதன் பிறகுதான் தவறு நடக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். பால்தேத்தண்ணியோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கொடுக்கக்கூடாது. வெயில் பட்ட தோல் எரியலாம், நாள் முழுக்க வெயிலில் நிற்பவரிடம் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. குளிசை போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டெங்கோ எலிக்காய்ச்சலோ தெரியாத காய்ச்சலுக்கு டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். பரசிட்டமோல் மட்டும்.

சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் கிளிக்கிளசைட் உணவோடு சேர்ந்த மருந்து. 'காலைச் சாப்பாட்டோடு' என்று உறையில் எழுதியிருக்கும். காலைச் சாப்பாடே இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று எழுதியிருக்காது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பிளேன்ரியோடு வேலைக்குப் போவது எங்கள் ஊரில் புதிதல்ல. குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் சீனி விழும். வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். கந்தசஷ்டி விரதக்காரரும் நோன்பு பிடிக்கும் முஸ்லிம் சகோதரர்களும் முன்கூட்டியே கிளினிக்கில் மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதைவிட "நேற்று காலையில என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்டால் உண்மை வரும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை ஈரமான மண்பானைக்குள் வைக்கலாம். திறந்த போத்தலை நான்கு வாரத்துக்கு மேல் பாவிக்கக்கூடாது.

நான் மிகவும் பயப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. மற்றக் குளிசைகளைத் தினமும் போட்டுப் பழகியவர் இதையும் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தி, ஆள் இறந்தும் போகலாம். 'வாரம் ஒன்று' என்று எழுதினால் போதாது. 'திங்கட்கிழமை மட்டும்' என்று கிழமையின் பெயரையே எழுத வேண்டும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுஒக்செற்றின் போன்றவை கேட்பதற்கு இரண்டு மூன்று வாரமாகும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் ஐந்தாம் நாள் "இது சரிவராது" என்று ரின்னுக்குள் போய்விடும். 2009 க்குப் பிறகு தூக்கம் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர் இப்படிப் பாதியில் விட்டுவிட்டு, யாரோ தந்த நித்திரைக் குளிசையோடு இருக்கிறார்கள்.

உறையில் எழுதும் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழிக்காக இவ்வளவு பட்ட நாட்டில், எங்கள் மருந்து உறையில் இருப்பது தமிழுமல்ல, சிங்களமுமல்ல, ஆங்கிலமும் முழுதாக அல்ல. 'பீடி', 'டீடீஎஸ்', 'நொக்டே' எல்லாம் லத்தீன் சுருக்கங்கள். இரு வேளை, மூன்று வேளை, இரவில் என்று அர்த்தம். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. உறைக்கு அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நான் கண்ட ஒரு மிஸ்ஸி பேனையால் சூரியனும் பிறையும் கீறிக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாத சிங்கள அம்மாவுக்கும் அது ஒரேமாதிரி விளங்கியது.

மருந்தின் பெயரும் இப்படித்தான். ஒரே மருந்து கிளினிக்கில் ஒரு பெயரிலும் தனியார் வைத்தியரிடம் கம்பனிப் பெயரிலும் கிடைக்கிறது. நோயாளி இரண்டையும் போடுகிறார். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியபோது கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரால் வாங்க வேண்டும், எழுத வேண்டும் என்பதற்காகப் போராடினார். விலை குறையும் என்பது அதன் ஒரு பக்கம். ஒசுசலவில் வரிசையில் நிற்பவருக்கு அது தெரியும். ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்காமல் காப்பாற்றுவது மறுபக்கம். அட்டையில் கம்பனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைக் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

தாதியர் கல்லூரியில் 'ஐந்து சரி' என்று சொல்லிக் கொடுப்பார்கள்: சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம். வார்டில் கட்டிலுக்கு அருகே அது காப்பாற்றும். வீட்டுக்குப் போன பிறகு கொடுப்பவர் தாதி அல்ல. அங்கே ஒரு பழைய சங்கடம் வருகிறது. "விளங்கிச்சோ?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "ஓம் மிஸ்ஸி" என்பார்கள். மரியாதைக்காகச் சொல்வது அது. பின்னால் நீண்ட வரிசை நிற்பதும் அவர்களுக்குத் தெரியும். பெரியப்பாவின் மிஸ்ஸி அப்படிக் கேட்கவில்லை. "வீட்டை போய் இதை எப்பிடிப் போடுவீங்கள், எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ" என்றார். பெரியப்பா முதல் தடவை பிழையாகச் சொன்னார், இரண்டாம் தடவை சரி. ஐம்பது பேர் நிற்கும் கிளினிக்கில் எல்லோரிடமும் இப்படிக் கேட்க நேரமில்லை என்பது உண்மைதான். புது மருந்து எழுதியவரிடமாவது கேட்கலாம்.

கிரியற்றினின் இறங்கியது, ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. காமரங்காய் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள், சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தக் காய் நஞ்சு.

போன மாதம் போனபோது கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய ஒரு போத்தலைப் பெரியப்பா கொண்டுவந்து காட்டினார். அட்வில், இருநூறு குளிசை. வாசித்துச் சொல்லச் சொன்னார். இபுபுரோபன் என்று எழுதியிருந்தது.

"இதுவும் அந்தக் குடும்பமோ?"

"ஓம் பெரியப்பா."

கொஞ்ச நேரம் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எறியவில்லை. ரின்னுக்குள் வைத்து மூடினார்.