காயத்தில் நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு... வீட்டில் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது?

சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டவங்களுக்கு அந்தப் பழுப்பு நிற பாட்டில் நிச்சயம் ஞாபகம் இருக்கும். பஞ்சுல நனைச்சு வெச்சதும் வெள்ளையா நுரை பொங்கும். 'பாத்தியா, கிருமியெல்லாம் சாகுது' என்பார் அம்மா.

உண்மையில் அந்த நுரை, கிருமி சாவதற்கான அடையாளம் அல்ல. நம் ரத்தத்திலும் செல்களிலும் இருக்கும் 'கேட்டலேஸ்' என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கிறது. அந்த ஆக்ஸிஜன்தான் நுரையாக வருகிறது.

காயத்துக்கு வேண்டாமா?

இது கிருமிகளோடு சேர்த்து, காயத்தை ஆற்றும் நல்ல செல்களையும் பாதிக்கும். தினமும் ஊற்றினால் புண் ஆறுவது தாமதமாகலாம். சின்னச் சிராய்ப்புக்கு, ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள தோலை சோப்பால் சுத்தம் செய்தாலே போதும். ஆழமான காயம் என்றால் டாக்டரிடம் போயிடுங்க.

லேபிளைப் படிங்க

நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவிகிதக் கரைசல். லேபிளில் '20 வால்யூம்' என்று இருக்கும். 1 மி.லி கரைசல் சுமார் 20 மி.லி ஆக்ஸிஜனை வெளியிடும் என்பது அதன் அர்த்தம். வீட்டு உபயோகத்துக்கு 3 சதவிகிதம் போதும். அதாவது, 6 சதவிகிதக் கரைசலில் சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். ஆன்லைனில் விற்கும் 35 சதவிகிதக் கரைசல் பக்கமே போகாதீங்க. 'ஃபுட் கிரேடு' என்று போட்டிருந்தாலும் அது குடிப்பதற்கானது அல்ல. தோலில் பட்டால் புண்ணாக்கும், குடித்தால் உயிருக்கே ஆபத்து.

எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

* கிச்சன், பாத்ரூம்: முதலில் அழுக்கை சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, கரைசலைத் தெளித்து, 10 நிமிடங்கள் ஈரமாகவே விடுங்கள். பிறகு துடையுங்கள். தெளித்த உடனே துடைத்தால் பலன் இல்லை. மார்பிள் கல்லில் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

* ரத்தக்கறை: பீரியட்ஸ் கறை படிந்த வெள்ளை பருத்தித் துணியா? குளிர்ந்த தண்ணீரில் அலசி, கறைமேல் சில சொட்டுகள் விட்டு, நுரை அடங்கியதும் மறுபடி அலசுங்கள். வெந்நீர் கறையை இன்னும் இறுக்கிவிடும். கலர் துணி வெளுத்துவிடும், ஜாக்கிரதை. பட்டு, கம்பளிக்கும் வேண்டாம்.

பல் வெண்மையாக இதை வைத்து வீட்டிலேயே சோதனை செய்யாதீர்கள். ஈறு புண்ணாகும், பல் கூசும். நெபுலைசரில் ஊற்றி மூச்சாக இழுப்பது நுரையீரலையே பாதிக்கும்.

எதனுடன் கலக்கக் கூடாது?

வினிகரோடு ஒரே பாட்டிலில் கலந்தால் பெர்அசிட்டிக் அமிலம் உருவாகி கண், தொண்டை, தோல் எரியும். பிளீச்சோடு சேர்ந்தால் வாயு வேகமாக வெளியேறி பாட்டிலே வெடிக்கலாம். பாத்ரூம் கிளீனர் எதனுடனும் சேர்க்காமல், தனியாகவே பயன்படுத்துங்கள்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

வெளிச்சமும் சூடும் பட்டால் இது வெறும் தண்ணீராக மாறிவிடும். அதனால்தான் பழுப்பு பாட்டிலில் வருகிறது. அடுப்பு, ஜன்னல் பக்கம் இல்லாமல் குளுமையான, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஒருமுறை எடுத்ததைத் திரும்ப பாட்டிலுக்குள் ஊற்ற வேண்டாம். திறந்து சில மாதங்கள் ஆகிவிட்டதா? சிங்க்கில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். நுரை வரவில்லை என்றால் வீரியம் போய்விட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. இதைக் காலி வாட்டர் பாட்டிலிலோ, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே வைக்காதீங்க. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ராத்திரி தாகத்தில் எழுந்துவரும் குழந்தைக்கோ, கண் சரியாகத் தெரியாத தாத்தாவுக்கோ வித்தியாசம் தெரியாது.

தவறி நடந்துவிட்டால்?

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் பட்டு வெள்ளையாகி எரிந்தால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், மேல் அலமாரிக்கு மாற்றிடுங்க!