மயிலுக்கு எதுக்கு சார் போர்வை?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் ஓசூரிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், லீவுல பையனைக் கூட்டிக்கிட்டு மலையேறப் போறோம். வனத்துறை அனுமதி வாங்கியாச்சு. ரெண்டு ராத்திரி டென்ட்ல தங்கணும், எல்லாத்தையும் முதுகுலதான் தூக்கணும். குளிருக்கு என்ன எடுத்துக்கறது? கடையில ஆயிரத்துலேர்ந்து பன்னெண்டாயிரம் வரைக்கும் ஜாக்கெட் காட்டறாங்க."

வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. 1994 மே மாதம் என்னோடு வத்தல்மலை முகாமுக்கு வந்த பையன்களில் அவனும் ஒருவன். அவன் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அந்த முகாமுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவன் நான்தான். "கோடைக்காலம், ஒரு பெட்ஷீட் போதும்" என்று என் கையாலேயே எழுதினேன். தருமபுரி ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று புவியியல் பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதியது பட்டியல் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. பையன்கள் நனைந்தார்கள், பெட்ஷீட்டுகளும் நனைந்தன. மழை விட்டதும் காற்று. நள்ளிரவில் ஒரு பையனுக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைந்தேன். பேச்சுக் கொடுத்தால் நாக்கு குழறுகிறது. உடம்பு தோற்றுப்போகும்போதுதான் நடுக்கம் நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் தங்கியிருந்த குறும்பர் பெரியவர் ஒருவர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். "ஈரத்தை மொதல்ல கழட்டுங்க சார், அப்புறம் போத்தலாம்" என்றார். சட்டையைக் கழற்றித் துடைத்து, இன்னொரு பையனையும் சேர்த்துத் தம் கருப்புக் கம்பளிக்குள் சுருட்டிப் படுக்க வைத்தார். கீழே கோணிச் சாக்கு இரண்டு மடிப்பு. விடியும்போது பையன் கஞ்சி கேட்டான். அந்தப் பெரியவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அதியமான்கோட்டை. கடையெழு வள்ளல்களைச் சொல்லும் சிறுபாணாற்றுப்படையில் எங்கள் அதியமானும் உண்டு, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் உண்டு. நெல்லிக்கனி கதையை எல்லாப் பிள்ளைகளும் ஒப்புக்கொள்வார்கள். பேகன் கதைக்கு வந்தால் எந்த வருடமும் ஒருவன் எழுந்து கேட்பான்: "மயிலுக்கு எதுக்கு சார் போர்வை? அதுக்குத்தான் இறகு இருக்கே?" வகுப்பு சிரிக்கும். அது இரக்கத்தின் அடையாளம் என்று சொல்லி உட்கார வைப்பேன்.

முப்பது வருடம் கழித்து ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பையன்கள் கேட்டது சரிதான். போர்வை நமக்குச் சூடு தருவதில்லை. சூடு நம் உடம்பினுடையது. அது ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது அசையாமல் நிற்கும் காற்று. குளிரில் பறவை இறகைச் சிலிர்த்து உப்பிக்கொள்வது இதற்காகத்தான். இறகுக்கு அடியிலுள்ள மென்தூவி பிடித்து வைக்கிற அளவு காற்றை, அதே எடையில், மனிதன் செய்த எந்தப் பஞ்சும் இன்னும் எளிதாகப் பிடித்துவிடவில்லை. அந்தக் காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். என் பெட்ஷீட்டுகள் செய்த வேலை அதுதான்.

அதியமானும் ஆடை கொடுத்தவன்தான். புறநானூறு 390-ஆம் பாட்டில், பாசி போலாகிவிட்ட கந்தையை நீக்கிப் புத்தாடை உடுத்தியதை ஔவையார் பாடுகிறார். அவன் மகன் எழினியைப் பாடும் 392-ஆம் பாட்டிலும் அதே பாசி, அதே கந்தை, நுண்ணிய நூலில் நெய்த புத்தாடை. பாசி என்ற உவமையை ஈரத்தோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். முதலில் பழையதைக் களைகிறார்கள், பிறகுதான் புதியதை உடுத்துகிறார்கள். வத்தல்மலைப் பெரியவர் சொன்ன வரிசையும் இதுவே. (புலவர் நண்பர்கள் இது வலிந்து சொல்லும் பொருள் என்பார்கள். சொல்லட்டும்.)

மாணவன் கேட்ட அந்த இறகுக் கேள்வியை 1922-இல் எவரெஸ்டில் ஒருவர் செய்து காட்டினார். ஜார்ஜ் ஃபின்ச், ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலாளர். கூட வந்த ஆங்கிலேயக் கனவான்கள் கம்பளிச் சட்டை மேல் சட்டையாகப் போட்டு, மேலே ட்வீட் கோட்டும் போட்டிருந்தார்கள். ஃபின்ச் மட்டும் பலூன் செய்யும் துணியில் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் கேலி செய்தார்கள். குளிரும் காற்றும் ஏற ஏறக் கேலி பொறாமையாக மாறியது. அந்த மே 27 அன்று அவரும் ஜெஃப்ரி புரூஸும் 8,300 மீட்டருக்கு மேல் போனார்கள். அதுவரை மனிதன் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. இதே ஃபின்ச்தான் 1952 முதல் 1957 வரை புனேயில் நம் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை என்பது என் பழைய வருத்தம்.

பிறகு அமெரிக்காவில் எடி பாவர் தூவி அடைத்த ஜாக்கெட்டைக் கடைச் சரக்காக்கினார், 1940-இல் காப்புரிமையும் வாங்கினார். தூவியின் குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: நனைந்தால் ஈரக்கோழி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க ராணுவம் நனைந்தாலும் உப்பி நிற்கிற மாற்று வேண்டும் என்று கேட்டதால் 1980-களில் பிரைமாலாஃப்ட் என்ற செயற்கைப் பஞ்சு பிறந்தது. அதற்குச் சற்று முன்பே, 1979-இல், மாசசூசெட்ஸிலுள்ள மால்டன் மில்ஸ் பாலியஸ்டரைச் சுரண்டிப் பஞ்சாக்கி ஃப்ளீஸ் துணியைக் கொண்டுவந்தது. பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. உதறிப் போட்டால் பாதி காய்ந்துவிடும். பிற்பாடு பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்தும் அதை நூற்றார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் திருப்பூர்ப் பக்கம் 'ஃப்ளீஸ்' என்று சொல்வது பெரும்பாலும் உள்பக்கம் சுரண்டிய பருத்தி பனியன் துணி. வீட்டுக்கு நல்லது. மலையில் நனைந்தால் என் பெட்ஷீட்டின் தம்பி அது. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இப்போது அந்தக் கருப்புக் கம்பளி. சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆட்டுக்கு ரோமம் குட்டை. தோலுக்குத்தான் பேர். கம்பளிக்கு வேண்டியது குறும்பாடு. அதன் மயிர் முரடு, கழுத்தில் அரிக்கும். குறும்பர் அதைக் கத்தரித்து, கையில் தக்களி சுற்றிக்கொண்டே ஆட்டின் பின்னால் நடப்பார்கள். நெய்யும்போது புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு இறுக்குவார்கள். 1800-இல் மைசூர்ச் சீமையைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானனும், 1909-இல் நூல் வெளியிட்ட தர்ஸ்டனும் இவர்களுடைய கம்பளி நெசவை எழுதி வைத்திருக்கிறார்கள். மழையில் ஒரு மூலையை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டால் அதுவே குடை, ராத்திரி அதுவே படுக்கை. ஆட்டுமயிர் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. தீப்பொறி பட்டாலும் சட்டென்று பற்றாது. ஃப்ளீஸ் உருகித் தோலில் ஒட்டும்.

ஆனால் கனம். அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. முழுக் கம்பளி ஒன்று கிலோக்கணக்கில் இருக்கும். நனைந்தால் இன்னும் கூடும். பெரியவர் அதைச் சுமந்தார், ஏனென்றால் அவருக்கு டென்ட், படுக்கை, மழைக்கோட்டு எல்லாமே அது ஒன்றுதான். நம் முன்னோர் கம்பளி இருக்க அந்நிய ஜாக்கெட் எதற்கு என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறார்கள். அவர்கள் அதைப் போர்த்திக்கொண்டு ஏற்காடு வரை நடந்துவிட்டு அனுப்பட்டும்.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி, பதினொரு பிள்ளை பெற்றவர், 1955-இல் தம் 67-ஆம் வயதில் அப்பலாச்சியன் மலைப்பாதை மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் தனியாக நடந்து முடித்தார். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு ராணுவக் கம்பளி, மழைக்குப் பிளாஸ்டிக் திரை. என் வயதுக்காரர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

மாணவனுக்கு மறுநாள் போன் செய்தேன். நம் பக்கத்து மலைகளில் கோடை ராத்திரிக்குத் தூவி ஜாக்கெட் வேண்டாம், மழையும் மூடுபனியும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பன்னிரண்டாயிரம் வீண் என்றேன். ஆளுக்கொரு மெல்லிய பாலியஸ்டர் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத லேசான கோட்டு. ஃப்ளீஸ் மட்டும் இருந்தால் காற்று அதன் வழியாகப் புகுந்து போய்விடும். பையன் சீக்கிரம் குளிர்கிற உடம்பு என்றால் செயற்கைப் பஞ்சு அடைத்த மெல்லிய ஜாக்கெட். படுக்கப் போட ஒரு ஜோடி உடை, அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, என்ன ஆனாலும் பகலில் தொடக்கூடாது. அடியில் ஃபோம் பாய் அவசியம். உடம்புக்குக் கீழே நசுங்கிய போர்வையில் காற்று இருக்காது, தரை சூட்டை இழுத்துவிடும். நெருப்பு மூட்டிக் குளிர்காயலாம் என்று நம்பிப் போகாதே, 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிரை வாங்கியது என்று எல்லாருக்கும் தெரியும் என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "சார், அன்னைக்கு அந்தக் கம்பளிக்குள்ள அவன்கூடப் படுத்தது நான்தான். ஆட்டு வாசனை ரெண்டு நாள் போகல."

எனக்கு அது நினைவில்லை. யார் கூடப் படுத்தது என்பதை நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் இன்னும் கையால் கம்பளி நெய்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஒன்று வாங்க வேண்டும். திண்ணையில் போட்டுக்கொள்ளத்தான்.